க்ரஷ்டார் என்னையே பார்க்கிறான்

சித்திரை மழை பெய்து ஓய்ந்த வாரம். காலை ஆறரை மணி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலைத் திறக்கிறேன். எதிரே இரண்டு சிவப்புக் கண்கள் என்னையே முறைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் சமையலறை ஜன்னல் நல்ல பழக்கம். அணில், குரங்கு, கேபிள் ஒயர் மாட்ட வந்து மதில்மேல் மாட்டிக்கொண்டவர் – எல்லோரையும் இந்த ஜன்னல் வழியாகத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறேன். ஆனால் இப்படி ஓர் ஆசாமி இதுவரை வந்ததில்லை.

முழங்கை உயரம். பாசிப்பச்சை உடம்பு. தலையில் இரண்டு கொம்பு – அதில் ஒன்று பாதி உடைந்தது. வாய் நிறையப் பல். கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருளை. பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டின் சன்ஷேடிலிருந்து ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். திருஷ்டி பொம்மை!

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை நான் கவனிக்கவே இல்லை. காரணம், அந்த ஆசாமியை எனக்குத் தெரியும். அவன் பெயர் க்ரஷ்டார். என் கையால் காசு கொடுத்து வாங்கியவன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் மகன் பிரவீன் நான்காம் வகுப்பு படித்தபோது டிவியில் ஒரு கார்ட்டூன் வந்தது. ரோபோக்கள் இரண்டு கட்சி. நல்ல ரோபோ எல்லாம் காராக, விமானமாக, பைக்காக மாறும். கெட்ட ரோபோவும் அப்படித்தான் – ஆனால் கறுப்பிலும் பச்சையிலும். சனிக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்துக்கொண்டே நானும் எல்லா எபிசோடும் பார்த்திருக்கிறேன். தாய்மாரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

அதில் ஹீரோ ஒரு சிவப்பு ரேஸ் கார். அந்தப் பொம்மைதான் வேண்டுமென்று என் மகன் ஒரு மாதம் அழுதான். சேலத்துக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். ஹீரோ எல்லாம் விற்றுப்போயிருந்தது. "இதான் மேடம் இருக்கு, இதுவும் மாறும்" என்று கடைக்காரர் அலமாரிக்கு மேலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது க்ரஷ்டாரை. மாறினான், வாஸ்தவம். என்னவாக மாறினான்? ரோடு ரோலராக.

வில்லன் கட்சியிலும் கடைசி ஆள் அவன். தலைவன் "தாக்குங்கள்" என்று சொன்னதும் மற்ற வில்லன்கள் பறந்து போவார்கள். க்ரஷ்டார் உருண்டு உருண்டு போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும். ஒரு எபிசோடுக்கு ஒரே ஒரு வசனம் – "எனக்கு மட்டும் ஏன்?" அவ்வளவுதான். அப்புறம் யாராவது அவனை ஆற்றில் தள்ளிவிடுவார்கள்.

அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் அவன் ஜாதகமே இருந்தது. பலம் – பத்துக்கு எட்டு. வேகம் – பத்துக்கு ஒன்று. கீழே இரண்டு வரிக் கதை. ரோபோக்களுக்கு வண்டி உருவம் பிரித்துக் கொடுத்த அன்றைக்கு இவன் தாமதமாகப் போனானாம். ரேஸ் கார் எல்லாம் தீர்ந்துபோய் ரோடு ரோலர்தான் மிச்சமாம். அன்றிலிருந்து வேகமாக ஓடுகிற யாரைக் கண்டாலும் அவனுக்கு ஆகாதாம்.

என் மகன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். ஓவென்று அழுதான். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

சரியாக அதே வாரம், என் வீட்டுக்காரரின் தம்பி மகள் ஹர்ஷினிக்கு அவளுடைய தாய்மாமன் ஈரோட்டிலிருந்து ஒரு பொம்மை வாங்கி வந்தார். என்ன பொம்மை? கேட்கவும் வேண்டுமா? சிவப்பு ரேஸ் கார்.

அன்றைக்கு எனக்கு வயிற்றில் பற்றியதுதான்... இன்றுவரை முழுசாக அணையவில்லை.

ஹர்ஷினியின் அம்மா கலாமணி. எனக்கு ஓரகத்தி. என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் வாழப்பாடியிலிருந்து நாமக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள், அவள் பள்ளிபாளையத்திலிருந்து. எனக்கு இருபத்தாறு வருஷமாகியும் 'ஊடு' வாயில் வராது, வீடுதான். அவளோ வந்த முதல் நாளே இந்தத் தெருவில் பிறந்தவள் மாதிரி எல்லோரிடமும் "ஏனுங், நல்லா இருக்கறீங்களா" என்று கலந்துவிட்டாள். கூட்டத்தில் எல்லோரும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எனக்கும் அவளைப் பிடிக்கும். அதுதான் கஷ்டமே. பிடிக்காத ஆள் மேல் பொறாமைப்பட்டால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பிடித்த ஆள் மேல் பொறாமை வந்தால் எங்கே போய்க் கொட்டுவது?

அந்தச் சிவப்பு ஹீரோவை என் மகன் பார்க்கும்போதெல்லாம் ஏங்கினான். க்ரஷ்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. ஒருநாள் பழைய சாமான்களோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் போட்டு ஹர்ஷினியிடமே கொடுத்துவிட்டேன். அவள் இரண்டையும் வைத்து விளையாடினாள். ஆக, ஹீரோவும் அவர்கள் வீட்டில், வில்லனும் அவர்கள் வீட்டில். எனக்கு மிச்சம் இட்லிப் பாத்திரம்.

இது பழைய கதை. புதிய கதைக்கு வருகிறேன்.

மாமனார் மனையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததில் எங்கள் பாகத்தில் இருபது வருஷம் முன்பே நாங்கள் வீடு கட்டிவிட்டோம். ஓட்டு வீட்டைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். வீட்டையும் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரியே ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினார். அவர் தம்பிக்குக் கோழிப்பண்ணை. அவர் போன வருஷம்தான் பக்கத்து மனையில் கடைக்கால் எடுத்தார். மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்துகொண்டு, கலா தினமும் காலையும் மாலையும் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு போசியில் ஏதாவது கொண்டுவருவாள் – கொள்ளுப் பருப்பு, கம்பங்கூழ், எதுவாவது. அந்தப் பாத்திரத்தை நானும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அது இருபது வருஷமாக எங்களுக்குள் எழுதாத சட்டம்.

வீடு எழும்ப எழும்ப எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. மாடுலர் கிச்சனா? போகட்டும். மாடிப்படிக்குக் கண்ணாடிக் கைப்பிடியா? துடைத்துத் துடைத்து அவளே நொந்துபோவாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் சமாதானமாகவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை. கிழக்கே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வீட்டு வேப்பமரத்தின் உச்சி. கவனியுங்கள், எங்கள் வீட்டு வேப்பமரம்!

"இது எதுக்கு கலா?" என்று கேட்டேன்.

"சேலை பார்சல் போடறதுக்குங்க்கா. ஆர்டர் வந்துச்சுன்னா ஊடு பூரா கவர் கெடக்குதுங்க."

பள்ளிபாளையத்திலிருந்து சேலை எடுத்து போனிலேயே விற்கிறாள் அவள். சேலைக்கு ஓர் அறை. பதினோரு வருஷமாக வாரம் தவறாமல் இந்தப் பத்தியை எழுதும் எனக்கு? சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம். இந்தக் கட்டுரையில் எங்காவது எண்ணெய் வாசம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி. ஒரு வியாழக்கிழமை போர்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அன்று மாலை நான் எங்கள் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். வெயில் சாய்ந்து அந்த வீட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே ஒரு வார்த்தை ஓடியது – க்ரஷ்டாரின் அதே வசனம்தான். எனக்கு மட்டும் ஏன்?

விடிவதற்குள் மழை. கொட்டித் தீர்த்தது. காலையில் போய்ப் பார்த்தால், முட்டுக் கொடுத்திருந்த இடத்தில் மண் இளகி, போர்டிகோ ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது. யாருக்கும் அடி இல்லை, நல்லவேளை. ஆனால் மொத்தத்தையும் உடைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். கலா இளகிய மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்கள். "கண்ணு பட்டுருச்சு." "பின்ன, இப்பிடி எழுப்புனா?"

நான் ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அறிவியல் தெரியும். மண் இளகினால் முட்டு இறங்கும். எல்லாம் தெரியும். இருந்தாலும்... நேற்று மாலை நின்று பார்த்தது யார்?

அதற்கு நாலாவது நாள் காலையில்தான் க்ரஷ்டார் என் ஜன்னலுக்கு நேரே வந்து தொங்கினான்.

அடுப்பைத் துடைத்துவிட்டு வெளியே போனேன். மேஸ்திரி கலவைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு கட்டுனது மேஸ்திரி?"

"ஊட்டுக்காரம்மாதானுங்க. மொதல்ல கட்டுன பூசணிக்கா மழையில அழுகி உழுந்துருச்சுங்க. கடையில பொம்ம வாங்கியாரேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டு அவங்களே போயி இத எடுத்தாந்தாங்க. மொகரையப் பாருங்க, கடைப் பொம்ம பிச்ச வாங்கோணும்."

"யாரு கண்ணு பட்டுதாம்?"

"நானும் கேட்டனுங்க. அதெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு சொல்லலீங்க."

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லக்கூடிய பெயராக இருந்தால் சொல்லியிருப்பாள். கடையில் ஆயிரம் பொம்மை இருக்க, என் வீட்டிலிருந்து போன பொம்மையைத் தேடி எடுத்து, என் சமையலறைக்கு நேராகத் தொங்கவிட்டிருக்கிறாள். இதற்குமேல் ஒருத்திக்கு எப்படிச் சொல்ல வேண்டும்? மைக் வைத்தா?

அன்றைக்குத் தொடங்கியது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அவன். தோசை சுட்டால் அவன். நான் நகர்ந்தால் அவன் கண்ணும் கூடவே நகர்கிற மாதிரி ஒரு பிரமை. நாலு நாள் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தியே வைத்தேன். புகையில் எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

கலாவோடு பேச்சு குறைந்தது. அவள் வந்தால் நான் குளியலறைக்குள். அவள் கூப்பிட்டால் எனக்குத் தலைவலி. கடைசியாக அவள் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்த போசி, கழுவிக் கவிழ்த்து, என் அலமாரியிலேயே இருந்தது. அதில் எதையும் போட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வெறும் பாத்திரமாக அனுப்பவும் வரவில்லை. ஒன்றரை மாதம்! இருபது வருஷத்தில் அந்தப் பாத்திரம் இவ்வளவு நாள் எந்தப் பக்கமும் தங்கியதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னலைத் திறந்து க்ரஷ்டாரை நன்றாகப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இதுக்கு முன் உருளை எங்க? ஒரு உருளைய வெச்சுட்டு எப்படி ரோலராகும்?"

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ உன்னய நெனச்சுக் கட்டியிருந்தா உங்கிட்ட நேராவே கேட்டிருப்பா. கலா அப்படியாப்பட்ட ஆளு இல்ல."

பார்த்தீர்களா? அவருக்கும் அவள்தான் நல்லவள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஓட்டுகூட இல்லை.

மகனுக்கு போன் செய்தேன். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். "டேய், அந்த ரோடு ரோலர் ரோபோ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டதும் சிரித்தான்.

"க்ரஷ்டாரா? பாவம்மா அவன். ஒரு எபிசோட்ல அவன்தான் ராத்திரி பூரா ரோடு போடுவான், அவங்க தலைவன் வர்றதுக்கு. காலைல அந்த ரோட்டுலயே ஹீரோ ரேஸ் ஓட்டி ஜெயிச்சுட்டுப் போயிடுவான். இவன் ஓரமா நின்னு பாத்துட்டே இருப்பான். அப்ப நான் அழுதேன், நீ கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. என் மகன் ஹீரோவுக்காக மட்டுமே அழுதான் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"அதை ஏன்மா அவங்களுக்குக் குடுத்தே?" என்று வேறு கேட்டான். எரிந்தது, அதனால் கொடுத்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு. காலை பதினொரு மணி. கலா வந்தாள். இந்தத் தடவை குளியலறைக்குள் ஓட வழியில்லை. வாசலிலேயே பிடித்துவிட்டாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பத்திரிகை. வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா.

"ஏனுங்க்கா, ஒடம்புக்கு முடியலீங்களா? ஒண்ணரை மாசமா ஆளையே காணோம்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஜன்னலு கூட சாத்தியே கெடக்குது?"

"தூசி வருது."

"அதுஞ்செரிதான். பூச்சு வேலை முடிஞ்சுருச்சுங்க்கா, இனி வராது." தாம்பாளத்தை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு நேரம் குறிச்சிருக்குது. பாலு நீங்கதான் வந்து காச்சோணும்."

அங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது.

"நான் எதுக்கு? என் கண்ணுக்குத்தான் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கியே. அதுவும் நான் குடுத்த பொம்மை. இப்ப வந்து பாலை மட்டும் நான் காய்ச்சணுமா?"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. கலா தாம்பாளத்தைப் பிடித்தபடியே நின்றாள். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் மெல்ல உள்ளே வந்து, தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

க்ரஷ்டார் அந்த நேரம் பார்த்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். அடுத்த காற்றில் சாவகாசமாக ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

"கயித்துல தொங்கறது சுத்தாதுங்களா? காத்தால காத்து இந்தப் பக்கம் அடிச்சா உங்களப் பாக்கும். மத்தியானம் ரோட்டப் பாக்கும். இதுக்கா ஒண்ணரை மாசம் எங்கூடப் பேசல நீங்க?"

நான் காலை வேளையில் மட்டும்தான் பார்த்தேன். நாலு நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டேன். சாத்திவிட்ட ஜன்னலுக்குப் பின்னால் அவன் என்னையே பார்ப்பதாக ஒன்றரை மாதம் நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது என்ற கண்ணுக்குக் கட்டுனதுங்க்கா."

"உன் கண்ணுக்கா?"

"ஆமாங்க. கான்கிரீட் போட்ட அன்னிக்கு சாயங்காலம் ரோட்டுல நின்னு பாத்தேன். எத்தன வருசம் வாடக ஊடு. இது என்ற ஊடு, என்ற ஊடுன்னு மனசுக்குள்ளயே சொல்லிட்டு நின்னேன். போற வார வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது, எனக்குத் தெரியல. அவ்வளவு ஆசையாப் பாத்தா தாங்குங்களா? விடிஞ்சா எறங்கிக் கெடக்குது. இத வெளிய சொன்னா சிரிப்பாங்க. அதுதான் மேஸ்திரிகிட்டகூடச் சொல்லல."

"அதுக்கு க்ரஷ்டார் எதுக்கு?"

"ஹர்ஷினி சின்னதுல அதக் கையில புடிச்சுட்டேதான் தூங்கும். பெரிம்மா குடுத்ததுன்னு யாருக்கும் தராது. கடையில வாங்குன பொம்மயக் கட்டறதவிட, நம்முளுது ஒண்ணு இருந்தா நல்லதுன்னு தோணுச்சுங்க."

பெரியம்மா கொடுத்ததாம். எரிச்சலில் தூக்கிக் கொடுத்ததை அந்தப் பெண் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். தப்பு என் பேரில் இல்லை என்று தெரிந்தாகிவிட்டது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது.

"நீங்க பாத்துப் பட்டுருச்சுன்னு நான் எதுக்குங்க்கா நெனைக்கோணும்? உங்களுக்கு இதுலெல்லாம் எங்க ஆசை? நீங்க பாட்டுக்கு ஒக்காந்து எழுதிட்டு இருக்கறீங்க."

அவளுக்கு என் மேல் சந்தேகமில்லை. என் மேல் பொறாமையும் இல்லை. பதினோரு வருஷமாக என் பேர் அச்சில் வருகிறது. அவள் ஒரு வாரம்கூடப் படித்தது கிடையாது. என்னைப் பார்த்து ஏங்க அவளுக்கு ஒன்றுமே இல்லையா? நான் மட்டும் ஒற்றைக்கு நின்று எரிந்துகொண்டிருந்தேனா? இதைவிட அவமானம் வேறு உண்டா?

"எனக்கு ஆசை இல்லைன்னு யார் சொன்னா?" என்றேன். "அன்னைக்குச் சாயங்காலம் நானும்தான் பார்த்தேன். மொட்டை மாடியில நின்னு. உன் மாடி ரூமைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுது கலா. நிஜமாவே எரிஞ்சுது. சிவப்பு கார் வந்த அன்னைக்கிலேர்ந்தே எரியுது."

கண்ணை நிமிர்த்தவே எனக்குப் பயமாக இருந்தது. தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றே நினைத்தேன். போனால் போனதுதான். இருபது வருஷத்துப் பழக்கம் இந்தச் சமையலறையிலேயே முடிந்திருக்கும்.

அவள் என் அலமாரியில் கவிழ்ந்திருந்த அவளுடைய போசியைப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்ப ரெண்டு பேருமே ஒரே நேரத்துலதான் பாத்துட்டு நின்னிருக்கறம். நான் கீழ, நீங்க மேல."

"ஆமா."

"போர்டிகோ எப்படிங்க்கா நிக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"அழுகாதீங்க. நாம சாப்புடறப்ப யாராச்சும் ஆசையாப் பாத்துட்டா ஒரு வாயி குடுத்துருவமில்ல? அதுக்குத்தான் சொல்றேன். பாத்தவங்களே வந்து பாலக் காச்சிருங்க. செரியாப் போயிரும்."

இவளிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

அவள் கிளம்பும்போது போசியைக் கையில் கொடுத்தேன். அவசரத்துக்கு ஒன்றும் இல்லை. ஊறுகாய் ஜாடியிலிருந்து நாலு எலுமிச்சை ஊறுகாயை அள்ளிப் போட்டேன். "இதைப் பத்தி எழுதுவேன்" என்றும் எச்சரித்தேன். "எழுதுங்க்கா, நான் எங்க படிக்கப் போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. ஐந்தரை. புது அடுப்பு, புதுப் பாத்திரம். தீயை நான்தான் பற்றவைத்தேன். சுற்றிலும் சொந்தக்காரர் கூட்டம். எல்லோருடைய கண்ணும் பால்மேல். என் கண் மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தது. கபோர்டைப் பார்த்தால் எரிகிறது. கல் மேடையைப் பார்த்தால் எரிகிறது. இந்தக் கையால் வைத்த பால் பொங்குமா? திரிந்து போனால்? அத்தனை பேர் நடுவில் அது திரிந்தால் நான் இந்தத் தெருவில் எப்படி நடப்பது?

கலா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் பாலைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்!

பால் பொங்கியது. நுரை கட்டி, கிழக்குப் பக்கமாக வழிந்து, கல் மேடையெல்லாம் ஓடியது. கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். எனக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. புகை என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால் – சிம்னி வைத்திருக்கிறாள் பாவி. துளிப் புகை இல்லை.

பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் மேஸ்திரி ஏணி வைத்து ஏறி க்ரஷ்டாரின் கயிற்றை அறுத்தார். முச்சந்தியில் போடக் கொண்டுபோனவரை வாசலில் மறித்தேன்.

"அதை எங்கிட்டக் குடுங்க மேஸ்திரி."

"வேண்டாங்க. அத்தன கண்ணையும் வாங்குன பொம்மைங்க. ஊட்டுக்குள்ளார கொண்டு போகக் கூடாது."

பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற ஒருவர், "ராசியான பொம்மையாட்டம் இருக்குது, எனக்காச்சும் குடுங்க" என்று இன்னொரு பக்கம் கை நீட்டினார். சனிக்கிழமை காலையில் ஆற்றில் தள்ளப்பட்டே காலம் தள்ளியவனுக்கு வந்த கிராக்கியைப் பாருங்கள். ஒரு நிமிஷம் அவன் மேலேயே எனக்குப் பொறாமையாகிவிட்டது.

"யாருக்கும் இல்லை. அது எங்க வீட்டுப் பொம்மை" என்றேன்.

கூட்டம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கலா மட்டும் சொன்னாள்: "குடுத்துருங்க மேஸ்திரி. அக்காவுதுதான்."

வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு கொம்புதான் முழுசாக இருக்கிறது. வெயிலில் பச்சை வெளுத்துப்போயிருக்கிறது. கையை மடக்கி ரோடு ரோலராக மாற்றிப் பார்த்தேன். இன்னும் மாறுகிறான், கொஞ்சம் தாமதமாக. என் வீட்டுக்காரர் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, முன் உருளைக்குக் கடையில் ஏதாவது பேரிங் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மாடி அறையில் வந்து உட்கார்ந்து எழுதச் சொல்லி கலா இரண்டு முறை கூப்பிட்டாள். நான் இன்னும் போகவில்லை. எரிச்சல் குறைந்திருக்கிறதே தவிர, தீரவில்லை. வேப்பமரம் எங்களுடையது என்பதை நான் மறப்பதாகவும் இல்லை.

இதை எழுதும்போது க்ரஷ்டார் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நிற்கிறான். அந்த இரண்டு சிவப்புக் கண்ணும் என்னையேதான் பார்க்கின்றன.

கயிறு இல்லை. நானே என் பக்கம் திருப்பி வைத்தேன்.